டாட்டூ மேசையைத் தயார் செய்வது எப்படி? புதிதாகக் கற்பவர்களுக்கும் போட்டுக்கொள்பவர்களுக்கும்

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி பரவுவதற்குக் கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தம் போதும். அந்த வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்துபோன கறையில்கூட, குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். ஊசியை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஊசியை மாற்ற எல்லோருக்கும் நினைவிருக்கும். ரத்தம் பட்ட கிளவுஸ் அடுத்து எதைத் தொட்டது என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் உங்கள் கையைக் கவனியுங்கள்.

படி 1: முதலில் தடுப்பூசி

மெஷின் வாங்குவதற்கு முன்பே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. ஹெபடைட்டிஸ் சி-க்கும் எச்ஐவி-க்கும் தடுப்பூசி கிடையாது.

படி 2: துடை, காயவிடு, மூடு

மேசை, நாற்காலி, கை வைக்கும் தாங்கி மூன்றையும் கிருமிநாசினியால் துடையுங்கள். தெளித்தவுடன் துடைத்தெடுத்தால் பயனில்லை. பாட்டிலில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். அப்புறம் கை படப்போகும் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஃபிலிமால் மூடுங்கள்: மெஷின், வயர், பவர் சப்ளை பட்டன், விளக்கின் கைப்பிடி, ஸ்பிரே பாட்டில். பலர் விட்டுவிடுவது ஸ்பிரே பாட்டிலைத்தான். வேலை நடக்கும்போது அதிகம் தொடுவதும் அதைத்தான்.

படி 3: தேவையானதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

இங்கைச் சின்னக் கப்களில் ஊற்றி வையுங்கள். வாஸ்லினை மரக்குச்சியால் எடுத்து மேசையில் ஒரு ஓரம் தடவுங்கள். டப்பாவுக்குள் விரல் போகவே கூடாது. டிஷ்யூவைத் தேவையான அளவு கிழித்து அடுக்கிவிட்டு, ரோலைத் தள்ளி வையுங்கள். மாற்று கிளவுஸ் இரண்டு ஜோடியாவது பக்கத்தில் இருக்கட்டும். லேடெக்ஸைவிட (இயற்கை ரப்பர்) நைட்ரைல் (செயற்கை ரப்பர்) நல்லது. சிலருக்கு லேடெக்ஸ் ஒவ்வாது, வாஸ்லின் பட்டால் அது நைந்தும் போகும்.

கறுப்பு இங்கை நீர்க்கவைத்து சாம்பல் நிறம் எடுப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் எதுவும் கூடாது. 2011-12ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் 19 பேருக்கு டாட்டூவில் ஒரே மாதிரித் தோல் தொற்று வந்தது. காரணமான மைக்கோபாக்டீரியா என்ற கிருமி, முன்பே கலந்து விற்ற சாம்பல் இங்கில் இருந்தது. அதைத் தயாரித்தபோது நீர்க்கவைத்தது டிஸ்டில்ட் வாட்டரில். டிஸ்டில்ட் என்றால் உப்பு நீங்கியது. கிருமி நீக்கியது என்று பொருளில்லை. மருந்துக்கடையில் 'ஸ்டெரைல்' என்று அச்சிட்டு சீல் வைத்து விற்கும் தண்ணீரை மட்டும் வாங்குங்கள், மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

படி 4: ஊசி

கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சின்னக் குழல்) உறையை வாடிக்கையாளர் கண்முன்னே பிரியுங்கள். அதற்கு முன் காலாவதி தேதியையும் உறையில் ஓட்டை, ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உள்ளே ரப்பர் சவ்வு உள்ள கார்ட்ரிட்ஜாகவே வாங்குங்கள். சவ்வு இல்லாவிட்டால் இங்கும் ரத்தமும் மேலேறி மெஷினுக்குள் போய்விடும், அதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது.

ஸ்டீல் கிரிப் (மெஷினின் கைப்பிடி) வைத்திருந்தால், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் அவசியம்: நன்றாகக் கழுவியபின் 121 டிகிரி நீராவி அழுத்தத்தில், ஆட்டோகிளேவின் கையேடு சொல்லும் நேரம் வரை. நீல விளக்கு எரியும் யூவி பெட்டி அதற்கு ஈடாகாது. வெந்நீரில் கொதிக்கவைப்பதும் ஆகாது. ஆட்டோகிளேவ் வாங்க வசதியில்லையா? ஒருமுறை பயன்படுத்தி எறியும் கிரிப்போடு நில்லுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

படி 5: தோல்

புது ரேசரால் மழித்து, சோப்பு நீரால் துடைத்து, 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தடவிக் காயவிடுங்கள். 99 சதவீதம் இன்னும் வலுவாக இருக்குமே என்று தோன்றும். அது சட்டென ஆவியாகிவிடும். கிருமியைக் கொல்வதற்கு அதில் கலந்த தண்ணீரும் தேவை. ஸ்டென்சில் (படத்தைத் தோலில் பதிக்கும் தாள்) ஒட்டியபின் கிளவுஸை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 6: வேலை நடக்கும்போது

போன் அடிக்கிறது. முகம் அரிக்கிறது. இங்க் தீர்ந்துவிட்டது. இந்த மூன்றில்தான் எல்லோரும் கோட்டை விடுவது. இங்க் பாட்டிலைத் திறக்க வேண்டுமா? கிளவுஸைக் கழற்று, கையைச் சுத்தம் செய், ஊற்று, புது கிளவுஸ் போடு. எத்தனை முறை ஆனாலும் இதேதான்.

உங்கள் பழக்கத்தைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். பயிற்சிக்கான செயற்கைத் தோலில் வாஸ்லினோடு குங்குமத்தைக் குழைத்துத் தடவுங்கள். அதுதான் ரத்தம் என்று வைத்துக்கொண்டு, வழக்கம்போல அரை மணி நேரம் வேலை செய்யுங்கள், துடையுங்கள், இங்க் ஊற்றுங்கள். முடிந்ததும் விளக்கைப் பிரகாசமாக்கிப் பாருங்கள். கண்ணாடிக் காம்பு, நாற்காலியின் உயரம் மாற்றும் பிடி, மேசை டிராயர் விளிம்பு என்று சிவப்பு எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் உங்கள் வாடிக்கையாளரின் ரத்தம் போகும். ஃபிலிமுக்கு வெளியே ஒரு பொட்டு சிவப்பும் இல்லை என்று ஆகும்வரை மனிதத் தோலைத் தொடாதீர்கள்.

படி 7: முடித்தபின்

கிளவுஸோடே ஊசியை எடுத்து, குத்தினால் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் போடுங்கள். பெட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி, மருத்துவக் கழிவு எடுக்கும் நிறுவனத்திடம் கொடுங்கள். தெருக் குப்பைத் தொட்டியில் போட்டால் அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் குத்தும். மீதி இங்க், கப், ரேசர் எதையும் அடுத்தவருக்கு வைக்காதீர்கள். ஃபிலிமை, ரத்தம் பட்ட வெளிப்புறம் உள்ளே போகும்படி சுருட்டி எடுத்து, மறுபடி துடையுங்கள். ரத்தம் சிந்திய இடத்தில் பிளீச் திரவம் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து 10 நிமிடம் விடுங்கள்.

போட்டுக்கொள்பவர்களுக்கு

ஊசி உறையை என் முன்னால் பிரியுங்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல கலைஞர் கோபப்பட மாட்டார். திருவிழாக் கடைகளில் ஊசியை மாற்றச் சொன்னால் மாற்றுவார்கள். ஆனால் பத்துப் பேருக்குத் தொட்ட அதே மைக் கிண்ணத்தில் புது ஊசியை நனைத்தால் என்ன பயன்? சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இருந்தால் முன்பே சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டில் கை கழுவிவிட்டு, மிதமான சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு டாட்டூவைக் கழுவுங்கள். மஞ்சள் பூச வேண்டாம். ஆறும்வரை கடல், குளம், நீச்சல்குளம் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் லேசான வீக்கமும் சாதாரணம். அதற்குப் பிறகும் சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். சில வாரம் கழித்து சாம்பல் நிறப் பகுதியில் மட்டும் சின்னச் சின்ன முடிச்சுகள் கிளம்பினால், டாட்டூ போட்டதைச் சொல்லி தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மைக்கோபாக்டீரியாவாக இருந்தால் வழக்கமான ஆன்டிபயாடிக் கேட்காது. இன்னொன்று, இந்தியாவில் டாட்டூ போட்ட நாளிலிருந்து 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது; தேதியைக் குறித்து வையுங்கள்.