ஈறு நோய்க் கிருமிக்குச் சூடு காட்டிப் பார்ப்பது எப்படி?

ஈறு வீங்கினால் அந்த இடத்தில் சூடும் ஏறும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குடியிருக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறு நோய் பாக்டீரியா, அந்தச் சூட்டில் தன் புரதங்கள் மடிப்புக் குலையாமலிருக்க வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் கூட்டிக்கொள்கிறது. அவற்றில் ஒன்று குரோஇஎல். ஏழு கூறுகள் கொண்ட இரண்டு வளையங்கள், மேலே குரோஇஎஸ் என்ற மூடி. உள்ளே நுழைந்த புரதத்துக்கு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவில், சரியாக மடிய இடம் கிடைக்கிறது. சூட்டில் குரோஇஎல் கூடுவதைக் கண்ணால் காணும் வழி இது. நோய்க்கிருமி என்பதால் பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர் துணையுடன் மட்டுமே செய்யுங்கள்.

முதலில் கிருமியை ஆக்சிஜன் இல்லாத பெட்டியில், இரும்பு கொண்ட ஹீமினும் வைட்டமின் கே-யும் சேர்த்த ஊடகத்தில், 37 டிகிரியில் வளர்க்க வேண்டும். இரத்த அகாரில் கரு நிறத் திட்டுகளாக வளரும்.

அடுத்து, ஒரே வளர்ப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று 37 டிகிரியிலேயே இருக்கட்டும்; மற்றதை 42 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். குழாயைத் திறக்காதீர்கள். ஆக்சிஜனும் இக்கிருமிக்கு ஒரு தாக்குதலே. காற்று புகுந்தால், புரதம் கூடியது சூட்டாலா காற்றாலா என்று பிரித்தறிய முடியாது.

மூன்றாவது படிதான் பலரும் அலட்சியம் செய்வது. இக்கிருமியிடம் ஜிஞ்சிபெய்ன் என்ற புரதம் வெட்டும் நொதிகள் ஏராளம். செல்லை உடைத்ததும் நீங்கள் தேடும் புரதத்தையே அவை துண்டாடிவிடும். எனவே டிஎல்சிகே போன்ற தடுப்பானை முன்பே சேர்த்து, புரதங்களை விரித்துவிடும் சோப்பு போன்ற எஸ்டிஎஸ் கரைசலில் உடனே கொதிக்க வையுங்கள்.

பிறகு இரண்டு மாதிரிகளிலும் புரத அளவைச் சமன் செய்து, புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டுங்கள். சுமார் 60 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) குரோஇஎல், 70-ஐ ஒட்டி டிஎன்ஏகே என்ற இன்னொரு வெப்ப அதிர்ச்சிப் புரதம். எடையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஜெல்லில் பிரிந்த புரதங்களை ஒரு சவ்வுக்கு மாற்றிச் சோதிக்கும் வெஸ்டர்ன் பிளாட்டில், குரோஇஎல்லில் ஒட்டும் எதிர்ப்பொருளால் உறுதி செய்ய வேண்டும்.

37 டிகிரி மாதிரியிலும் பட்டை தெரிந்தால் திகைக்க வேண்டாம். குரோஇஎல் எப்போதும் வேலையில் இருக்கும் புரதம். சூடு அதன் அளவைத்தான் கூட்டுகிறது. பார்க்க வேண்டியது பட்டையின் அடர்த்தி வேறுபாடு.

நோயாளியின் ஈறுத் திசுவில் இதே சோதனையைச் செய்வதானால் ஒரு சிக்கல் உண்டு. மனித செல்லில் உள்ள எச்எஸ்பி60 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் குரோஇஎல்லுக்கு நெருங்கிய உறவு. சில எதிர்ப்பொருள்கள் இரண்டிலும் ஒட்டும். கிருமி கலக்காத மனித செல் சாற்றைப் பக்கத்து வரிசையில் ஓட்டி, எதிர்ப்பொருள் அங்கும் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகே கணக்கிடுங்கள்.