நீலகிரியிலிருந்து அமெரிக்கக் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் முறை

அமெரிக்காவில் மேற்படிப்பு என்று பேச்செடுத்தால் உதகை, குன்னூர் மாணவர்கள் வழக்கமான சில பெயர்களோடு நின்றுவிடுகிறார்கள். வாஷிங்டனில் 1867-இல் தொடங்கிய ஹோவர்டு, நாஷ்வில்லில் 1866-இல் தொடங்கிய ஃபிஸ்க், அலபாமாவில் 1881-இல் தொடங்கிய டஸ்கீகி, நியூ ஆர்லியன்ஸில் 1925-இல் தொடங்கிய சேவியர் போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. மற்ற கல்லூரிகள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க மறுத்த காலத்தில் அவர்களுக்காக எழுந்தவை இவை. 1964-க்கு முன் அந்த நோக்கத்துடன் நிறுவப்பட்டவற்றையே 1965-ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் இவ்வகையில் அங்கீகரிக்கிறது. இன்று அரசு, தனியார் இரண்டும் சேர்த்துச் சுமார் நூறு நிறுவனங்கள் உள்ளன. எந்த இனத்தவரும் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

பல்கலைக்கழகத்தின் பெயரை விடத் துறையைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். உதகையில் மருந்தியல் படித்தவர்கள் ஹோவர்டு, வர்ஜீனியாவின் ஹாம்ப்டன், சேவியர் ஆகியவற்றின் மருந்தியல் கல்லூரிகளைப் பார்க்கலாம். கால்நடை மருத்துவம், வேளாண்மை என்றால் டஸ்கீகியைப் பார்க்கலாம். பருத்தியால் சத்திழந்த மண்ணுக்கு நிலக்கடலையும் பயறு வகைகளும் மாற்றுப் பயிராக வேண்டும் என்று சொன்ன ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896-இல் அங்கு ஆசிரியரானார். 1906-இல் குதிரை பூட்டிய வண்டியில் வேளாண் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் உழவர்களுக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் அங்கு தொடங்கினார்கள். ஆண்டுதோறும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டு மண் களைத்துப்போவதைக் கண்டு வளர்ந்த கேத்தி மாணவருக்கு இந்த வரலாற்றை யாரும் விளக்கத் தேவையில்லை. இளநிலைப் படிப்புக்கு அட்லாண்டாவின் ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரி, மோர்ஹவுஸ் ஆண்கள் கல்லூரி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டு வாக்கில் தொடங்கும் இலையுதிர் பருவச் சேர்க்கைக்கு ஓராண்டு முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது. பல துறைகளின் கடைசித் தேதி டிசம்பரை ஒட்டி வருகிறது. நமக்கோ அது வடகிழக்குப் பருவமழை முடியாத நேரம். உதகை அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் மதிப்பெண் தொகுப்புச் சான்றுக்கு (டிரான்ஸ்கிரிப்ட்) கோவையில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தை அணுக வேண்டும். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் இறங்க வேண்டியிருக்கும் என்பதால், அந்த வேலையை ஆகஸ்டு, செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். இணைய விண்ணப்பத்தையும் கடைசி இரவு வரை இழுக்காதீர்கள். மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆய்வுப் படிப்பை நாடுவோர் விண்ணப்பத்துக்கு முன்பே பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது வழக்கம். அது பத்து வரிக்குள் இருக்கட்டும். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, “என் இளநிலைத் திட்டத்தில் மாத்திரை கரையும் வேகத்தை அளந்தேன்; உங்கள் ஆய்வில் நீங்கள் கையாண்ட முறையை அங்கு பயன்படுத்த முடியுமா?” என்பது போல ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பாராட்டுரைகளை எவரும் படிப்பதில்லை.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கையில் சாதியையும் நிறவெறியையும் ஒரே வரியில் சமன்படுத்துவதைத் தவிர்க்கலாம். இரண்டையும் எதிர்த்தவர்களிடையே நடந்த உரையாடல் உண்மையானது: ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கறுப்பின இறையியலாளர் ஹோவர்டு தர்மன் இந்தியா வந்து 1936-இல் காந்தியைச் சந்தித்தார், ஃபிஸ்க்கில் படித்த கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்கு அம்பேத்கர் 1946-இல் கடிதம் எழுதினார். ஆனால் இவற்றை எடுத்தாள்வது உங்கள் ஆய்வுக் கேள்வியோடு தொடர்பிருந்தால் மட்டுமே பொருந்தும். மருந்தியல் விண்ணப்பத்தில் காந்தியை இழுத்து வருவது அலங்காரம்தான்.

அடுத்தது பணம், பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். அமெரிக்க அரசின் மாணவர் நிதியுதவி வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. கறுப்பினக் கல்லூரிகளுக்கென உள்ள நிதியங்களும் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கானவை. எனவே பிஎச்.டி. மாணவர்கள் கட்டண விலக்கும் உதவித்தொகையும் சேர்ந்த ஆசிரிய உதவியாளர், ஆய்வு உதவியாளர் இடங்களைத் துறையிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 20 பேருக்கு உண்டு; அதில் 3 இடங்கள் தொன்மைப் பழங்குடியினருக்கானவை. தமிழகத்தில் அப்படி வகைப்படுத்தப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்களும் நீலகிரியில் வாழ்கிறார்கள் என்பதால் இங்குள்ள மாணவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இத்தகைய திட்டங்கள் சில சமயம் உலகத் தரவரிசையை நிபந்தனையாக வைக்கின்றன. கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் பல அந்த வரிசையின் மேல்தட்டில் இல்லை. அந்த ஆண்டின் அறிவிப்பைப் படிக்காமல் விண்ணப்பக் கட்டணம் கட்டிவிடாதீர்கள்.

சேர்க்கை உறுதியானதும் பல்கலைக்கழகம் தரும், விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்துக்கு முதலாண்டுச் செலவைக் காட்டியாக வேண்டும். சிறு தேயிலை விவசாயக் குடும்பங்கள் பட்டா, சிட்டாவைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். நிலம் சொத்துக்குச் சான்றே தவிர, கையில் உள்ள பணத்துக்குச் சான்றாகாது. வங்கி இருப்பு, கல்விக் கடன் ஒப்புதல் கடிதம், தொழிற்சாலை பசுந்தேயிலைக்கு மாதாமாதம் செலுத்தும் தொகை வரவாகியிருக்கும் கணக்குப் பட்டியல் ஆகியவை சேர்ந்தால்தான் வலு. பிறகு வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் அமைப்புக்குக் கட்டணமாக 350 டாலர் செலுத்தி, எஃப்-1 மாணவர் விசாவுக்குச் சென்னையில் நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். ‘ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?’ என்ற கேள்விக்குத் துறையையும் பேராசிரியரையும் சொல்லிப் பதிலளியுங்கள். மனப்பாடப் பதில் அதிகாரிக்கு உடனே தெரிந்துவிடும்.

அமெரிக்கா என்றாலே குளிர் என்று நம்பி அலபாமாவுக்கும் லூயிசியானாவுக்கும் ஸ்வெட்டர்களை அடுக்குவோர் உண்டு. அங்கு கோடையின் புழுக்கம் சென்னைக்குச் சளைத்ததல்ல. அதை விட முக்கியம், சிவப்பு நிறமே அழகு என்று வீட்டுப் பேச்சில் ஊறிய எண்ணத்தைக் கப்பல் ஏற்றாமல் இருப்பது. விடுதி அறையில் நீங்கள் வேடிக்கையாகச் சொல்லும் ஒரு சொல், பல தலைமுறைகளாக அதையே கேட்டுவந்த அறைத்தோழரின் காதில் வேடிக்கையாக விழாது. வகுப்பு தொடங்குவதற்கு 30 நாள்களுக்கு முன்பிருந்துதான் நாட்டுக்குள் நுழைய முடியும். வந்த வாரமே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். வகுப்புகள் நடக்கும் பருவத்தில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.