வீடற்றவர்களைப் பற்றிப் பள்ளி ப்ராஜெக்ட்: எங்கே தவறுகிறோம்?

‘வீடற்றோர்’ என்று தலைப்புக் கொடுத்தால் பெரும்பாலும் வருவது இதுதான்: தெர்மாகோலில் ஒரு பாலம், அதன் கீழே படுத்திருக்கும் பொம்மை, நெட்டிலிருந்து எடுத்த நான்கு படங்கள், கடைசிப் பக்கத்தில் ‘நம்மால் முடிந்த உதவியைச் செய்வோம்’. மார்க்கும் விழுந்துவிடும். ஆனால் அந்த மனிதர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி எந்தப் பிள்ளையின் மனதிலும் எழுந்திருக்காது. கட்டாயம் செய்ய வேண்டிய ப்ராஜெக்ட் இது. அதனால்தான் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்கிறேன்.

இருப்பதிலேயே பெரிய தவறு, வீடற்றவர்கள் எல்லாரும் பள்ளிக்கு வெளியேதான் இருக்கிறார்கள் என்று நினைப்பது. சென்னையில் ஜார்ஜ் டவுன், பிராட்வே பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே வாழும் குடும்பங்கள் உண்டு. அங்கிருந்து பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். கடை ஷட்டர் தூக்குவதற்குள் படுக்கையைச் சுருட்டி ஓரம்கட்டி, கட்டணக் கழிப்பறை வரிசையில் நின்று குளித்து, யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வகுப்பில் வந்து உட்காருகிறவர்கள். வாடகை கட்ட முடியாமல் சித்தி வீட்டு வராண்டாவில் தங்கியிருக்கும் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கலாம். அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு “பிளாட்ஃபாரத்துல இருக்கறவங்க எவ்ளோ பாவம், பாருங்க” என்றால் அதன் முகம் எங்கே போகும்? ‘உங்கள் வீட்டை வரைந்து வாருங்கள்’ என்று தொடங்குவதும் அப்படித்தான். வகுப்பில் யாரோ ஒருவருக்கு இது சொந்தக் கதை என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். யார் என்று தேடவும் வேண்டாம், அந்தப் பிள்ளையை எழுப்பி அனுபவம் சொல்லச் சொல்லவும் வேண்டாம்.

அடுத்தது, வீடற்றவர் என்றால் பிச்சை எடுப்பவர் அல்லது உழைக்க மனமில்லாதவர் என்ற எண்ணத்தைத் திருத்தாமல் விடுவது. நடைபாதையில் இருப்பவர்களில் மூட்டை தூக்குகிறவர்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்கள், பூக் கட்டி விற்கிறவர்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை அங்கே இருப்பதால்தான் அவர்களும் அங்கே இருக்கிறார்கள். பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985-ல் உச்ச நீதிமன்றம் பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்றது. நடைபாதையிலிருந்து அகற்றவே கூடாது என்று தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் பிழைப்பு தேடித்தான் மக்கள் அங்கே வந்து தங்குகிறார்கள் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு பேசத் தோதான வழக்கு. நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு அரசு வீடு கொடுத்த கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற சென்னைப் புறநகர்க் குடியிருப்புகளில் வீடு கிடைத்த சிலர் வேலைக்காக மறுபடியும் நகருக்குள் வந்து தங்குவதன் காரணமும் அப்போது பிடிபடும்.

கணக்கை ஒரு வரியில் ஒப்பித்துவிட்டுப் போவதும் வீண். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் வீடற்றவர்கள். சரி, எப்படி எண்ணினார்கள்? பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில், தெருவோரம், பாலத்தடி, ரயில்வே பிளாட்ஃபாரம், கோயில் மண்டபம் என்று போய் எண்ணினார்கள். அந்த இரவு கல்யாணத்துக்குச் சமைக்க வெளியூர் போனவர் கணக்கில் வந்திருப்பாரா, ஆள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒதுங்கிய பெண் வந்திருப்பாரா என்று பிள்ளைகளையே கேளுங்கள். எண்ணுக்குப் பின்னால் ஆட்கள் தெரியத் தொடங்குவார்கள்.

சில பள்ளிகளில் அட்டைப்பெட்டியை விரித்து ஒரு ராத்திரி மைதானத்தில் படுக்க வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வாசலில் வாட்ச்மேன், காலையில் அம்மா கொண்டுவரும் இட்லி என்று இருந்தால் அது பிக்னிக். தரை கடினமாக இருப்பதையா அங்கே பெரிய துன்பமாக நினைக்கிறார்கள்? எப்போது எழுப்பி விரட்டுவார்கள் என்ற பயம், மழை வந்தால் எங்கே ஓடுவது என்ற கவலை, கழிப்பறை பூட்டிய பிறகு பெண்கள் படும் பாடு, இவற்றையெல்லாம் ஒரு ராத்திரியில் நடித்துக் காட்ட முடியாது. அதற்குப் பதில் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கையில் கொடுங்கள். ரேஷன் கார்டோ வங்கிக் கணக்கோ, எதுவாக இருந்தாலும் சரி. கதவு எண் இல்லை, கரண்ட் பில் இல்லை, வாடகை ஒப்பந்தம் இல்லை என்று வைத்துக்கொண்டு நிரப்பச் சொல்லுங்கள். மூன்றாவது வரியிலேயே பேனா நின்றுவிடும். அப்புறம், கார்டு கிடைத்தாலும் அதை மழையில் நனையாமல், திருட்டுப் போகாமல் எங்கே வைப்பது என்று கேளுங்கள். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, இரவு தலைக்கடியில் வைத்துப் படுப்பவர்களின் நிலைமை அப்போதுதான் உறைக்கும்.

சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் படம் இல்லாமல் ப்ராஜெக்ட் முழுமையாகாது என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். பசிக்குச் சோறு போடுவது நல்லது, அதைப் போட்டோ எடுத்து ஆல்பத்தில் ஒட்டுவது வாங்கியவரைச் சிறுமைப்படுத்துவது. குழந்தைகளைப் படம் எடுப்பது அறவே கூடாது. நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு நடைபாதைக்குப் போவதும் கூடாது. அது அவர்கள் வீடு. நம் வாசலில் நாற்பது பேர் வந்து நின்று நோட்டில் குறிப்பெடுத்தால் நாம் விடுவோமா? மாநகராட்சிக்காக வீடற்றோர் தங்கும் காப்பகம் நடத்தும் தொண்டு நிறுவனத்திடம் முதலில் பேசுங்கள். பேச விருப்பப்படுகிற ஒருவர் பள்ளிக்கு வந்து பேசினால் போதும், அவருக்கு அன்றைய கூலி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். “ஏன் தெருவுக்கு வந்தீங்க?” என்று தொடங்க வேண்டாம், அது குற்றம் விசாரிப்பது போல இருக்கும். “வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க அண்ணா?”, “தண்ணி எங்கே பிடிப்பீங்க அக்கா?” என்று கேட்டால் பேச்சு தானாக வளரும்.

மதிப்பெண்ணை உருக்கத்துக்குப் போடாதீர்கள். ‘என் கண்கள் குளமாயின’ என்று எழுதினால் பத்துக்குப் பத்து கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கேள்வியைக் கேட்டார்கள், முன்பு நினைத்ததில் எது மாறியது, எதைச் சரிபார்த்தார்கள் என்று பார்த்துப் போடுங்கள்.

ப்ராஜெக்ட்டைப் போஸ்டரோடு முடிக்காமல் ஊரை நோக்கித் திருப்புங்கள். பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுக்க இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் அளவு வைத்தது. 2011-லேயே மதுரை மாநகராட்சியின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்படியென்றால் குறைந்தது பத்துக் காப்பகம். உங்கள் ஊரில் எத்தனை இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கணக்குப் போடட்டும். உண்மையில் எத்தனை இருக்கிறது, பெண்களுக்கென்று தனியாக எத்தனை, குடும்பமாகத் தங்க இடம் உண்டா என்று ஆசிரியர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். பதில் வந்ததும் குறைவதை எழுதி, பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு, வார்டு கவுன்சிலரிடம் நேரில் கொடுக்கலாம்.