சாணத்தில் பெருகும் ஈக்களைத் தொழுவத்தில் கட்டுப்படுத்தும் முறை

தொழுவத்தில் ஈ மொய்த்தால் பலரும் முதலில் தேடுவது மருந்துத் தெளிப்பானைத்தான். வெயில் காலத்தில் வீட்டு ஈயின் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து, 7 முதல் 10 நாள்களில் ஈயாகப் பறந்துவிடும் என்பதால், பறக்கும் ஈயை மட்டும் கொல்வது வீண்செலவு.

எந்த ஈ என்பதை அது உட்காரும் இடமே பெரும்பாலும் காட்டிவிடும். கண்ணோரத்திலும் தீவனத் தொட்டியிலும் மொய்ப்பது வீட்டு ஈ, அது கடிக்காது. மாடு ஓயாமல் காலை உதைத்துக்கொண்டிருந்தால், குனிந்து முன்னங்காலைப் பாருங்கள்: வீட்டு ஈயின் சாயலில், தலைக்கு முன்னே ஊசிபோல் நீண்ட உறிஞ்சியோடு இருப்பது தொழுவ ஈ. அதில் ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும். எருமையின் முதுகிலும் வயிற்றிலும் இரவு பகலாக ஒட்டியிருக்கும் சிற்றின ஈ வேறு. சாணம் விழுந்த சூட்டோடு இறங்கி முட்டையிட்டுவிட்டு அது மாட்டுக்கே திரும்பிவிடும்.

தொழுவ ஈக்கு மிகவும் பிடித்தது சாணமும் மூத்திரமும் பழைய வைக்கோலும் கலந்து ஊறிய கூளம். ஆகவே நடுத்தரையை மட்டும் கூட்டிவிட்டு நிறுத்தாமல், தொட்டியடி, சுவரோரம், மூத்திரக் கால்வாயின் முனை ஆகியவற்றைக் குச்சியால் கிளறிப் பார்க்க வேண்டும். ஈரத்தில் வெள்ளைப் புழுக்களும், சற்றுக் காய்ந்த ஓரத்தில் செம்பழுப்புக் கூடுகளும் தென்பட்டால் அதுவே பிறப்பிடம். அவ்விடங்களை வாரம் இருமுறையாவது வழித்தெடுத்தால், புழு ஈயாக மாற அவகாசம் கிடைக்காது.

வழித்த சாணத்தை எருக்குழியில் சும்மா கொட்டினால், ஈயை இடம் மாற்றியதாகத்தான் ஆகும். குவியலாக்கி மூடினால் உள்ளே எழும் சூட்டில் புழுக்கள் மடியும். தப்பியவை குளிர்ந்த மேற்பரப்புக்கு ஏறிவிடுவதால், சில நாள் கழித்து வெளிப்புறத்தை உள்ளே தள்ளிப் புரட்டி மீண்டும் மூடுங்கள். சாண எரிவாயுக் கலன் உள்ளவர்கள் அன்றாடம் கரைத்து ஊற்றிவிடலாம். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்தாலும் போதும்.

மேய்ச்சல் நிலத்துச் சாணத்தைச் சாணி வண்டுகள் உருட்டியும் புதைத்தும் சிதைத்துவிடுகின்றன. ஐவர்மெக்டின் என்னும் குடற்புழு, உண்ணி மருந்து போட்ட மாட்டின் சாணம் அந்த வண்டுகளின் புழுக்களையும் கொல்லும் என்பதால், கால்நடை மருத்துவர் சொல்லாமல் அதைப் போடாதீர்கள்.