லண்டனில் சாப்பாட்டுக் கடையின் முகப்பை மாற்றப் போகிறீர்களா? கவுன்சில் அனுமதி, ஆரம்பத்திலிருந்து

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி, ஹாரோ என்று நம் ஆட்கள் கடை வைக்கும் தெருக்களில் ஒரு விஷயம் அடிக்கடி நடக்கும். பழைய துணிக்கடையையோ சிக்கன் கடையையோ லீசுக்கு எடுப்பார்கள், உள்ளே கிச்சன் போடுவதற்கே கையிருப்பு கரைந்துவிடும், கடைசி மாதத்தில் "முகப்பை மட்டும் கொஞ்சம் மாற்றிடலாம்" என்று போர்டு செய்பவரைக் கூப்பிடுவார்கள். அவர் "அதெல்லாம் ஒன்றும் தேவையில்லை அண்ணா, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பார். போர்டு ஏறி, ஷட்டர் ஏறி, பின்பக்கம் புகைக்குழாயும் ஏறியபின் கவுன்சிலிலிருந்து கடிதம் வரும்.

அந்தக் கடிதம் வராமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் இந்தப் பதிவு. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

படி 1: வேலையைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

உங்களுக்கு அது ஒரே வேலை, ஒரே காண்டிராக்டர், ஒரே பில். கவுன்சிலுக்கு அது நான்கைந்து தனித்தனி வேலை, ஒவ்வொன்றுக்கும் தனி விதி. பாதிக் குழப்பம் இதைத் தெரியாததால்தான் வருகிறது. ஆகவே ஒரு தாளை எடுத்து வெளியே மாறப்போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

கண்ணாடி, கதவு, அவற்றின் சட்டம் (ஃபிரேம்) மாறினால் அது கடைமுகப்பு மாற்றம், முழு பிளானிங் அனுமதி வேண்டும். பெயர்ப்பலகை விளம்பர அனுமதி என்ற வேறு வகையில் வரும். வெளியே தெரிகிற ஷட்டர், மடக்குப் பந்தல், ஏசி பெட்டி, புகைக்குழாய் எல்லாம் மறுபடி பிளானிங். நடைபாதையில் மேசை நாற்காலி போட பேவ்மென்ட் லைசென்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. உள்ளே நீங்கள் என்ன செய்தாலும், லிஸ்டட் கட்டடமாக (பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம்) இல்லாதவரை, பிளானிங் ஆட்களுக்கு அதில் வேலையில்லை. வெளிச்சுவருக்கு வெறும் பெயின்ட் அடிப்பதும் சாதாரணமாகப் பிரச்சினை இல்லை, ஆனால் சுவரில் தோசைப் படமும் கடைப் பெயரும் வரைந்தால் அது பெயின்ட் கணக்கில் வராது, விளம்பரக் கணக்கில் போய்விடும்.

இன்னொன்றையும் இதே தாளில் எழுதிவையுங்கள்: முன்பு அங்கே என்ன கடை இருந்தது? 2020 செப்டம்பர் 1 முதல் துணிக்கடை, ஆபீஸ், உட்கார்ந்து சாப்பிடும் கடை எல்லாம் ‘இ’ என்ற ஒரே வகுப்புக்குள் வந்துவிட்டன, அவற்றுக்குள் மாறுவதற்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. பார்சல் மட்டுமே பிரதானமான டேக்அவே கடை அந்த வகுப்பில் இல்லை. சிக்கன் டேக்அவேயை உட்கார்ந்து சாப்பிடும் கடையாக்குவதற்குப் பொதுவாக விண்ணப்பம் வேண்டாம், ஆனால் துணிக்கடையை டேக்அவே ஆக்கினால் பயன்பாட்டு மாற்றத்துக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

படி 2: கட்டடம் எந்த வளையத்துக்குள் நிற்கிறது?

கவுன்சில் இணையதளத்தில் மேப் இருக்கும், முகவரியை அடித்தால் கன்சர்வேஷன் ஏரியாவா, லிஸ்டட் கட்டடமா என்று காட்டும். ஐந்து நிமிட வேலை, தயவுசெய்து லீசில் கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள்.

கன்சர்வேஷன் ஏரியா என்பது 1967-ல் சிவிக் அமெனிட்டீஸ் சட்டத்தோடு வந்தது. ஒரு கட்டடத்தை மட்டும் காப்பாற்றுவதற்குப் பதிலாக ஒரு தெருவின் முகத்தையே காப்பாற்றுவது அதன் நோக்கம். இங்கே அலுமினியச் சட்டமும் பளபளக்கும் பிளாஸ்டிக் போர்டும் எடுபடுவது கஷ்டம், மரச் சட்டம், தனி எழுத்துகள், மேலிருந்து மென்மையாக விழும் வெளிச்சம் என்று கேட்பார்கள். லிஸ்டட் கட்டடம் என்றால் கதையே வேறு. உள்ளே ஒரு பழைய மாடிப்படியைத் தொடுவதற்கும் தனி அனுமதி வேண்டும், இல்லாமல் செய்தால் அது நேரடியாகக் குற்றவியல் குற்றம். முதல் கடை திறப்பவர் லிஸ்டட் கட்டடத்தை எடுக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

படி 3: தெருவைப் படியுங்கள், பிறகு ஃபைலைப் படியுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப்போகும் படி இது. எனக்குக் கேட்டால், மொத்தத்தில் பயன் அதிகம் தருவதும் இதுதான்.

எதிர்ப்பக்கம் நின்று உங்கள் கடையோடு சேர்த்து இரண்டு பக்கமும் நான்கு நான்கு கடைகளைப் போட்டோ எடுங்கள். பழைய விக்டோரியா காலத்துக் கடைவரிசையில் ஒரு ஒழுங்கு தெரியும்: இரண்டு ஓரத்திலும் சுவர்த்தூண், மேலே பெயர்ப்பலகைக்கான பட்டை, கண்ணாடிக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர். அந்தப் பட்டையை இங்கே ஃபேசியா என்பார்கள், குட்டைச் சுவரை ஸ்டால்ரைசர் என்பார்கள். கவுன்சில் கடிதங்களில் இந்த இரண்டு பெயர்களும் திரும்பத் திரும்ப வரும். கவுன்சிலின் பிளானிங் ஆபீசர் உங்கள் வரைபடத்தில் முதலில் தேடுவது, பக்கத்துக் கடையின் ஃபேசியாவோடு உங்களுடையது ஒரே மட்டத்தில் போகிறதா, தூண்களை மூடிவிட்டீர்களா, குட்டைச் சுவரை இடித்துத் தரைவரை கண்ணாடி போட்டுவிட்டீர்களா என்பதைத்தான். ஃபேசியாவை இரண்டு மடங்கு உயரமாக்கி முதல் மாடி ஜன்னலின் அடியை மறைப்பது நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம்.

அப்புறம் கவுன்சிலின் பிளானிங் பதிவேட்டைத் திறந்து உங்கள் தெருப் பெயரைப் போடுங்கள். யார் எதற்கு விண்ணப்பித்தார்கள், எது கிடைத்தது, எது மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது, எல்லாம் பொதுவில் கிடக்கிறது, இலவசமாக. ஆபீசர் எழுதிய அறிக்கையைத் தேடிப் படியுங்கள். மூன்று கடை தள்ளி ஒருவருக்குக் கெட்டி ஷட்டர் போட மறுத்திருந்தால் உங்களுக்கும் கிடைக்காது. உள்பக்கம் போடும் துளையுள்ள கிரில்லுக்கு மாறிவிடுங்கள். "அவர் போட்டிருக்கிறாரே" என்ற வாதத்தையும் இங்கேயே சோதித்துப் பார்க்கலாம், பல நேரம் அவர் அனுமதியே வாங்காமல் போட்டிருப்பார்.

மிக முக்கியமான தெரு, பெரிய மாற்றம் என்றால் விண்ணப்பிக்கும் முன்பே கவுன்சிலிடம் காசு கட்டி ஆலோசனை கேட்கலாம். சாதாரண மாற்றத்துக்கு, இந்தப் பதிவேட்டையும் கவுன்சிலின் கடைமுகப்பு வழிகாட்டியையும் ஒழுங்காகப் படித்தாலே போதும்.

படி 4: வரைபடம்

விண்ணப்பம் போவது பிளானிங் போர்ட்டல் என்ற இணையதளம் வழியாக. ஆர்க்கிடெக்ட் கட்டாயமில்லை, ஆனால் அளவோடு வரையத் தெரிந்த ஒருவர் கட்டாயம். போர்டு கடைக்காரர் கம்ப்யூட்டரில் செய்து தரும் அழகான கலர் படம் வரைபடம் ஆகாது.

தேவையானவை இவை. இடத்தைக் காட்டும் மேப், 1:1250 அளவில், வடக்கு எது என்ற குறியோடு, உங்கள் இடத்தைச் சுற்றி சிவப்புக் கோடு. இதற்கு லைசென்ஸ் பெற்ற மேப் வாங்க வேண்டும், கூகுளிலிருந்து எடுத்து ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்து முகப்பின் வரைபடம், இப்போது இருப்பது ஒன்று, வரப்போவது ஒன்று, இரண்டும் 1:50 அல்லது 1:100-ல். பக்கத்துக் கடைகளின் விளிம்பையும் கொஞ்சம் வரையச் சொல்லுங்கள், மேலே சொன்ன மட்டம் அப்போதுதான் தெரியும். கன்சர்வேஷன் ஏரியாவில் ஃபேசியா, சட்டம் ஆகியவற்றின் குறுக்குவெட்டை 1:20-ல் கேட்பது சகஜம். பொருள், நிறம் எல்லாம் வரைபடத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பாருங்கள். 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 153-ஆம் பிரிவுப்படி கதவு தெருவுக்குள் திறக்கக்கூடாது. தீயணைப்புக்காக வெளியே திறக்க வேண்டியிருந்தால் கதவை உள்ளே தள்ளி வையுங்கள். வாசலில் படி இருந்தால் சக்கர நாற்காலி ஏறும்படி மாற்ற இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

படி 5: உரிமைச் சான்று

படிவத்தில் சான்று ஏ, பி என்று வரும், பலர் யோசிக்காமல் ஏ-வை டிக் செய்வார்கள். ஏ என்றால் அந்த இடம் முழுக்க உங்களுடையது என்று பொருள். நீங்கள் வாடகைக்கு இருப்பவர், கட்டட உரிமையாளர் வேறு ஒருவர், ஆகவே பி. அவருக்கு முறையான நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 7 வருடமோ அதற்கு மேலோ மிச்சமுள்ள லீஸ் வைத்திருப்பவரும் இங்கே உரிமையாளர் கணக்குதான், மாடி ஃபிளாட்காரரின் பகுதியில் குழாய் ஏறுகிறது என்றால் அவருக்கும் நோட்டீஸ் தேவையா என்று லீஸைப் பார்த்து உறுதி செய்யுங்கள். தெரிந்தே தவறான சான்று கொடுப்பது குற்றம். இதோடு, பிளானிங் அனுமதி வேறு, கட்டட உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேறு. கவுன்சில் சரி என்றாலும் லீஸ் ஒப்பந்தம் கூடாது என்று சொல்லலாம்.

படி 6: போர்டு

வெளிச்சம் இல்லாத சாதாரணப் போர்டுக்குப் பல இடங்களில் விண்ணப்பமே வேண்டாம். எழுத்தின் உயரம் 75 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், போர்டு தரையிலிருந்து 4.6 மீட்டரையோ முதல் மாடி ஜன்னலின் அடிமட்டத்தையோ, இதில் எது கீழே இருக்கிறதோ அதைத் தாண்டக்கூடாது. வெளிச்சம் வந்தால் நிபந்தனைகள் கூடும், கன்சர்வேஷன் ஏரியாவில் வெளிச்சமுள்ள போர்டு என்றால் விண்ணப்பம் போடுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இந்த விண்ணப்பத்தில் கவுன்சில் பார்க்கக்கூடியது இரண்டே இரண்டு: பார்வைக்கு அந்த இடத்தைக் கெடுக்கிறதா, பாதுகாப்புக்கு ஆபத்தா. என்ன மொழியில் எழுதியிருக்கிறீர்கள் என்பது அவர்கள் வேலை இல்லை. தமிழில் பெரிதாக எழுதுங்கள்.

படி 7: புகைக்குழாய்

முகப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்து கடைசியில் எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது. முன்பக்கம் எவ்வளவு அழகாக வரைந்தாலும், கடைக்கு மேலே ஃபிளாட் இருந்து பின்சுவரில் குழாய் ஏறினால், ஆபீசர் உங்கள் ஃபைலைச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்புவார், அங்கே இரண்டு கேள்வி வரும்: வாசனை, சத்தம்.

வாசனைக்கு, என்ன சமைக்கிறீர்கள் என்பதிலிருந்து கணக்கு தொடங்கும். நாள் முழுக்க தாளிப்பு, எண்ணெய்ச் சட்டி, தோசைக்கல், கரி தந்தூர் என்றால் வடிகட்டி சாதாரணமாக இருந்தால் போதாது, கொழுப்பு வடிகட்டிக்குப் பிறகு மின்னியல் வடிகட்டி, அதற்குப் பிறகு கார்பன் வடிகட்டி என்று அடுக்கடுக்காகக் கேட்பார்கள். குழாயின் வாய் பின்வாசல் உயரத்தில் முடியக்கூடாது, கூரைக்கு மேலே குறைந்தது 1 மீட்டர் போய், காற்று நேராக மேலே வெளியேற வேண்டும். வாயில் தொப்பி போட்டால் புகை கீழே திரும்பும், அதையும் கவனிப்பார்கள். சத்தத்துக்கு பிஎஸ் 4142 என்ற தரப்படி ஒரு நிபுணரின் அறிக்கை கேட்கலாம். அவர் அந்த இடத்தின் இயல்பான சத்தத்தைக் கருவி வைத்து அளந்து, உங்கள் விசிறி பக்கத்து ஜன்னலில் எவ்வளவு கேட்கும் என்று கணக்குப் போடுவார்.

ஆகவே விசிறி வாங்கும் முன் அறிக்கை. எந்த மாடல், எவ்வளவு சத்தம் என்ற விவரத்தாள் இல்லாமல் கணக்கே போட முடியாது, மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய செகண்ட்ஹேண்ட் விசிறிக்கு அந்தத் தாள் பெரும்பாலும் இருக்காது.

படி 8: அனுப்பிவிட்டுக் காத்திருத்தல்

அனுப்பியதும் கடிகாரம் ஓடாது. எல்லாத் தாளும் சரியாக இருக்கிறது என்று அவர்கள் ஏற்றபிறகுதான் 8 வாரக் கணக்கு. பலருக்கு நேரம் வீணாவது இதற்கு முன்னால், ஒரு சிவப்புக் கோடு விட்டுப்போனதால்.

பிளானிங் விண்ணப்பத்தில் அக்கம்பக்கத்தாருக்கு 21 நாள் அவகாசம் கொடுப்பார்கள். எதிர்க்கடைக்காரர் "இந்தத் தெருவில் ஏற்கெனவே நாலு தோசைக் கடை இருக்கு" என்று எழுதினால் கவலைப்படாதீர்கள், போட்டி பிளானிங் காரணம் ஆகாது, வீட்டு விலை இறங்கும் என்பதும் ஆகாது. மாடியில் இருப்பவர் "என் படுக்கையறை ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டரில் குழாய்" என்று எழுதினால் கவலைப்படுங்கள். முடிந்தால் விண்ணப்பிக்கும் முன்பே அவர் கதவைத் தட்டி வரைபடத்தைக் காட்டிவிடுங்கள்.

இந்த மாதிரி விண்ணப்பங்களில் பெரும்பாலானவை கவுன்சிலர்களின் கமிட்டிக்குப் போகாது, ஆபீசர் மட்டத்திலேயே முடிந்துவிடும். ஏழாவது வாரத்தில் அவர் "ஃபேசியாவைக் குறைத்தால் சரி" என்று மெயில் அனுப்பினால், கோபப்படாமல் அன்றைக்கே வரைபடத்தை மாற்றி அனுப்புங்கள். முன்பெல்லாம் மறுத்தால் ஒரு வருடத்துக்குள் இன்னொரு முறை கட்டணம் இல்லாமல் போடலாம், 2023 டிசம்பரில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். மறுத்தால் மேல்முறையீடு உண்டு, அதற்குக் கட்டணமில்லை, ஆனால் கடைமுகப்புக்கு 12 வாரம், போர்டுக்கு 8 வாரம்தான் கெடு. மேசை நாற்காலிக்கான லைசென்ஸ் இதைவிட வேகம்: 14 நாள் கருத்துக் கேட்பு, 14 நாளில் முடிவு, புதிதாக எடுக்க அதிகபட்சம் 500 பவுண்டு.

படி 9: கிடைத்தபிறகு

தீர்ப்புக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள், நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும். "வேலை தொடங்கும் முன்" என்று ஆரம்பிக்கும் நிபந்தனை இருந்தால் அதைத் தனியாக அனுப்பி ஒப்புதல் வாங்கும்வரை சுத்தியலைத் தொடாதீர்கள். பொதுவாக 3 வருடத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். கட்டும்போது சின்னதாக ஒன்று மாறினால் அதற்கென்று ஒரு சிறு திருத்த விண்ணப்பம் இருக்கிறது, அதைப் போடுங்கள். அனுமதி இல்லாத வேலையின் மேல் நடவடிக்கை எடுக்க கவுன்சிலுக்கு இருந்த 4 வருடக் கெடு, 2024 ஏப்ரல் 25 முதல் 10 வருடம் ஆகிவிட்டது. போர்டு விஷயத்தில் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கவும் முடியாது, அனுமதி தேவைப்படும் போர்டை இல்லாமல் மாட்டுவதே குற்றம்.

அங்கீகரித்த வரைபடங்களையும் கடிதத்தையும் ஒரு ஃபோல்டரில் போட்டு கடையிலேயே வையுங்கள். நாளைக்கு லீஸை வேறொருவருக்கு விற்கும்போது அவருடைய வக்கீல் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.