துளி ஒட்டணும்னு கரண்ட்ட ஏத்திக்கிட்டே போகாதீங்க

மண்டபத்துல நம்ம பக்கத்து வீட்டுத் தம்பி ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு ஒரு சோதனை பண்ணான். ஓஸ் பைப் நுனியச் சின்னதாக்கி மேல பாத்து தண்ணி பீச்சுனா உச்சிக்குப் போயி பொடிப்பொடியா சிதறும்ல, அப்ப உரசுன சீப்பக் கிட்ட காட்டுனா சிதறாம துளிங்க ஒன்னோட ஒன்னு ஒட்டி பெருசு பெருசா விழணும். 1879-லயே ராலே பிரபுங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி எழுதி வச்ச சமாச்சாரம் இது. இவனுக்கு ஒன்னுமே நடக்கல. நடக்காது, ஐப்பசி வாடைக்காத்து, சீப்பு மேல உப்பு ஈரம் பிசுபிசுன்னு படிஞ்சு கெடக்கு, உரசுனதுல சீப்புல ஏறுன சார்ஜ், அதாவது மின்னூட்டம், அந்த ஈரம் வழியாவே ஓடிப்போயிரும். நல்ல தண்ணில கழுவி, தொடச்சு, வெயில் ஏறுன பிறகு பண்ணுடான்னேன், வந்துச்சு.

வந்ததும் அடுத்த தப்பு, சீப்ப இன்னும் கிட்ட கொண்டு போனான். எல்லாம் மறுபடி சிதறிருச்சு. கொஞ்சமா சார்ஜ் இருந்தாதான் ஒட்டும், அதிகமானா ஒரே சார்ஜ் உள்ள துளிங்க ஒன்ன ஒன்னு தள்ளும். சரி, எதிரெதிர் சார்ஜ்னா கண்டிப்பா ஒட்டுமேன்னு நெனப்பீங்க, அதுவும் கெடையாது! 2009-ல ரிஸ்டன்பார்ட்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு நேச்சர் அறிவியல் இதழ்ல காட்டுனாங்க, ஃபீல்டு, அதாவது சார்ஜச் சுத்தி இருக்கிற மின்புலம், ஒரு அளவத் தாண்டுனா ரெண்டு துளியும் கூம்பு மாதிரி நீண்டு தொட்டு, சார்ஜ மாத்திக்கிட்டு, அப்படியே பின்னாடி துள்ளிப் போயிருது. எனக்கு இதப் படிச்சப்ப நம்பவே முடியல.

துளில சார்ஜே இல்லன்னா ஃபீல்டு ஒன்னும் பண்ணாதுங்கிறதும் தப்பு. ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ்னு பிரிஞ்சு நிக்கும், ஃபீல்டு போற திசையில ஒன்னு பின்னாடி ஒன்னு வர்ற வள்ளம் மாதிரி இருந்தா இழுத்துக்கும், பக்கத்துல பக்கத்துல நின்னா தள்ளிக்கும்.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைல கச்சா எண்ணெய்க்குள்ள இருக்கிற உப்புத்தண்ணித் துளிய ஆயிரக்கணக்கான வோல்ட்டுல இப்படித்தான் சேத்து அடியில எறக்குறாங்க. உடனே மீன்பிடி போட்டுக்குள்ள தேங்குற எண்ணெய் கலந்த கடல்தண்ணிக்கும் இது ஆகும்னு கெளம்பிராதீங்க, அங்க சுத்தி இருக்கிறது உப்புத்தண்ணி, கரண்ட் அது வழியாவே ஓடிரும், உள்ள இருக்கிற எண்ணெய்த்துளிக்கு ஃபீல்டே எட்டாது. டீசல்ல தண்ணி கலந்துருச்சுன்னு வயர விட்டுப் பாக்குறதெல்லாம் வேணவே வேணாம், ஒரு பொறி போதும். ஆடாம வச்சா தண்ணி தானா அடிக்கு வரும், ஃபில்டர் அடியில இருக்கிற திருகத் தொறந்து வடிச்சிருங்க.