ஆஸ்திரேலியத் துணைவர் விசா: உறவு உண்மை என்று காட்டும் சான்றுகளைத் திரட்டுவது எப்படி?

திருமணப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் திருமணம் சட்டப்படி செல்லும். ஆஸ்திரேலியாவின் 1958-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அதற்கு மேலும் கேட்கிறது. வேறு எவருக்கும் இடமில்லாமல் இருவரும் கணவன் மனைவியாக வாழ மனம் ஒப்பியிருக்க வேண்டும். உறவு உண்மையானதாகவும் தொடர்ந்து நிலவுவதாகவும் இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து வாழ வேண்டும். இல்லாவிட்டால், நிரந்தரமாகப் பிரிந்து வாழாதவர்களாகவாவது இருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு மிகவும் உதவுவது அந்தக் கடைசி விதிதான். கணவர் மெல்பர்னிலும் மனைவி மதுரையிலும் இருப்பது குற்றமல்ல. அந்தப் பிரிவு தற்காலிகமானது, காரணத்தோடு நேர்ந்தது என்று காட்ட வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். விசா மறுக்கப்பட்டால் அது பொதுவாகத் திரும்பி வராது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கோப்பைத் தயார் செய்துவிடுவது நல்லது.

படி 1: உங்கள் விசா எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 309, அதைத் தொடர்ந்து 100. உள்ளே இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 820, பிறகு 801. இரண்டிலும் முதல் எண் தற்காலிக விசா, இரண்டாவது நிரந்தர விசா. தற்காலிக விசா, நிரந்தர விசா இரண்டுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம். இனிமேல்தான் திருமணம் என்றால் அது 300 என்ற வேறு வகை.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களும் விண்ணப்பிக்கலாம். பொதுவாக, விண்ணப்பத்துக்கு முன் 12 மாதங்களாவது அந்த உறவில் இருந்திருக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற மாநிலங்களில் உறவை முறைப்படி பதிவு செய்துகொண்டவர்களுக்கு இந்த 12 மாத நிபந்தனை இல்லை. இனி வருவதெல்லாம் பெரும்பாலும் 309-ஐ மனத்தில் வைத்து எழுதியது. ஊரில் திருமணம் முடித்துக்கொண்டு, ஒருவர் அங்கும் ஒருவர் இங்குமாக இருப்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

படி 2: சான்றுகளைத் தேடும் முன் காலவரிசை எழுதுங்கள்

எல்லோரும் புகைப்படத்திலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் ஒரு வெள்ளைத் தாளிலிருந்து தொடங்குங்கள். ஜாதகம் பரிமாறிய நாள், பெண் பார்த்த நாள், முதல் தொலைபேசிப் பேச்சு, நிச்சயதார்த்தம், திருமணம், பதிவு, கணவர் விடுப்பு முடிந்து திரும்பிய நாள், அடுத்த முறை வந்த நாள் என்று இன்று வரை எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். பாஸ்போர்ட் முத்திரை, விமான டிக்கெட், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விண்ணப்பப் படிவம், கணவர் எழுதும் வாக்குமூலம், மனைவி எழுதுவது, சாட்சிகள் எழுதுவது என்று ஒரே கதை பல இடங்களில் பதிவாகிறது. நிச்சயதார்த்தம் ஒன்றில் பிப்ரவரியிலும் இன்னொன்றில் மார்ச்சிலும் இருந்தால், அதிகாரிக்கு அது மறதியாகத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

பெயர்களையும் இப்போதே சரிபாருங்கள். திருமணச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக, வங்கிக் கணக்கில் வேறொரு வரிசை என்பது தமிழர்களுக்குச் சாதாரணம். குடும்பப் பெயர் என்ற வழக்கத்தில் வளர்ந்தவருக்கு அவை மூன்று வெவ்வேறு ஆட்களாகத் தெரியலாம். எந்த ஆவணத்தில் எந்த வடிவம் இருக்கிறது, அனைத்தும் ஒரே நபர்தான் என்று வாக்குமூலத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். படிவத்தில் வேறு பெயர்களைக் கேட்கும் இடத்திலும் இந்த வடிவங்களைக் குறிப்பிடுங்கள்.

படி 3: நான்கு கோப்புறைகள் தொடங்குங்கள்

1994-ஆம் ஆண்டுக் குடிவரவு விதிமுறைகளில் 1.15ஏ என்ற விதி, அதிகாரி எவற்றைப் பார்க்க வேண்டும் என்று வகுத்துச் சொல்கிறது: பணம், குடித்தனம், சமூகம், ஒருவருக்கொருவர் கொண்ட பற்றுறுதி. கணினியில் இந்த நான்கு பெயர்களில் கோப்புறைகளைத் தொடங்குங்கள். நான்கும் சம அளவில் நிறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிரிந்து இருப்பவர்களுக்குக் குடித்தனம் மெலிந்துதான் இருக்கும். அப்படி மெலிந்திருப்பதற்குக் காரணத்தைச் சொல்லிவிட்டால் போதும். காலியாக விட்டுவிட்டு எதுவும் சொல்லாமல் போவதுதான் ஆபத்து.

படி 4: பணம்

கூட்டு வங்கிக் கணக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் தொடங்கி, நூறு டாலர் போட்டு வைத்த கூட்டுக் கணக்கால் பெரிய பயன் இல்லை. சம்பளம் வந்து, மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் பணம் போய்க்கொண்டிருக்கும் கணக்குக்குத்தான் எடை உண்டு.

மனைவி இன்னும் ஆஸ்திரேலியா வரவில்லை என்றால் அங்கே கூட்டுக் கணக்கு தொடங்குவது எளிதல்ல. அதற்கு மாற்று வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் வாழும் இந்தியர் தம் என்ஆர்இ கணக்கில், ஊரில் இருக்கும் மனைவியை நெருங்கிய உறவினர் என்ற முறையில் கூட்டுதாரராகச் சேர்க்க ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தருகின்றன. மாதந்தோறும் அனுப்பும் பணத்தின் பரிமாற்ற ரசீதுகள் நல்ல சான்று. அந்தப் பணம் எதற்குப் போனது என்பதும் தெரிந்தால் இன்னும் நல்லது: கல்லூரிக் கட்டணம், மாமியாரின் மருத்துவச் செலவு, ஆங்கிலத் தேர்வுக் கட்டணம்.

அதிகம் பேர் மறந்துவிடுவது நியமனதாரர் பெயர்களை. ஆஸ்திரேலியாவில் வேலை செய்பவருக்குச் சூப்பர் எனப்படும் ஓய்வூதிய நிதி இருக்கும். தமக்குப் பின் அது யாருக்குச் சேர வேண்டும் என்று அவர் எழுதி வைக்கலாம். அதில் மனைவியின் பெயரைச் சேர்க்க ஒரு படிவம் போதும். எல்ஐசி, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றிலும் அம்மா அல்லது அப்பா பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் இறந்தால் பணம் யாருக்கு என்ற கேள்விக்கு எழுத்தில் கொடுத்த பதில், பத்துப் புகைப்படங்களைவிட அழுத்தமாகப் பேசும் என்பது என் எண்ணம்.

படி 5: குடித்தனம்

சேர்ந்து வாழ்பவர்களுக்கு வாடகை ஒப்பந்தம், மின்சாரம், இணையக் கட்டணம், ஒரே முகவரிக்கு இருவர் பெயரிலும் வந்த கடிதங்கள் போதும்.

பிரிந்திருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு மனைவி கணவர் வீட்டில் இருக்கிறாரா? அப்படியென்றால் ஆதாரில் முகவரி மாற்றியிருப்பார்கள். தமிழ்நாட்டில் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கி, புகுந்த வீட்டு அட்டையில் சேர்த்திருப்பார்கள். நமக்கு அது ரேஷன் கடை விஷயம். உங்கள் கோப்பில் அது, ஓர் அரசுத் துறை இவரை இந்த வீட்டின் உறுப்பினர் என்று ஏற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி. இலங்கையில் கிராம அலுவலர் தரும் வதிவிடச் சான்றிதழ் இதே வேலையைச் செய்யும். இந்தியப் பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரைச் சேர்த்திருந்தால் அந்தப் பக்கத்தையும் இணையுங்கள்.

கணவர் விடுப்பில் வந்த நாட்களில் எங்கே தங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். இங்கே நம் வழக்கங்கள் சில சமயம் நமக்கே எதிராகத் திரும்பும். ஆடி மாதத்தில் புதுப்பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். கணவர் அந்த நேரத்தில் விடுப்பில் இருந்தால், இருவரும் வெவ்வேறு வீட்டில் இருந்ததாகப் பதிவாகும். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போவதும் அப்படித்தான். வெளியாள் ஒருவருக்கு இது பிணக்காகத் தெரியலாம். இது மரபு, இத்தனை வாரம் நீடித்தது, அந்த நாட்களிலும் இப்படிப் பேசிக்கொண்டோம் என்று விளக்கிவிடுங்கள்.

படி 6: சமூகம்

உங்களைத் தம்பதியாக மற்றவர்கள் அறிந்திருக்கிறார்களா என்பதே இந்தப் பகுதியின் கேள்வி. இதில் நாம் செல்வந்தர்கள். திருமண அழைப்பிதழ், மண்டப ரசீது, இருவர் பெயரும் போட்டு வந்த பிறர் வீட்டு அழைப்பிதழ்கள், கோயிலில் இருவர் பெயருக்கும் சேர்த்துச் செய்த அர்ச்சனை ரசீது எல்லாமே இங்கே பொருந்தும். மொய் நோட்டின் ஓரிரு பக்கங்களைக்கூட மொழிபெயர்ப்போடு இணைக்கலாம் என்பேன். யார் யார் வந்து இந்தத் திருமணத்தை ஏற்றார்கள் என்பதற்கு அதைவிட நேர்மையான பதிவேடு நம்மிடம் இல்லை.

புகைப்படங்களில்தான் பெரும்பாலானோர் அளவு மீறுகிறார்கள். முழுத் திருமண ஆல்பமும் ஒரே நாளைத்தான் காட்டுகிறது. இருபது, முப்பது படங்கள் தாராளம். ஆனால் அவை வெவ்வேறு மாதங்களையும் இடங்களையும் சேர்ந்தவையாக, இரு குடும்பத்தாரும் தென்படுபவையாக இருக்கட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, இடம், உடன் இருப்பவர்கள் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். பட்டுப்புடவையும் மாலையுமாக நிற்பதைக் காட்டிலும், சித்தப்பா வீட்டுத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்து காபி குடிக்கும் படம் பயன் தரும்.

நிச்சயத்துக்கு முன் இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை என்று சிலர் கவலைப்படுகிறார்கள். பெரியவர்கள் பேசி முடித்த திருமணத்தில் அது இயல்பு என்று வாக்குமூலத்தில் சொன்னால் போதும். இல்லாத நெருக்கத்தைப் புனைய வேண்டியதில்லை.

படி 7: பற்றுறுதியும் உரையாடல்களும்

பிரிந்திருக்கும் தம்பதிக்கு வாட்ஸ்அப்தான் பெரிய சான்று. முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து ஆயிரம் பக்கங்களை அனுப்பாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு ஸ்கிரீன்ஷாட், அழைப்புப் பட்டியலில் சில பக்கங்கள் என்று எடுத்து, முதல் மாதம் முதல் இன்று வரை இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். கொஞ்சல் மொழியைத் தேடி எடுக்க வேண்டாம். ‘வாடகை கட்டியாச்சா’, ‘அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு’ போன்ற வரிகளில்தான் தாம்பத்தியம் இருக்கிறது.

தமிழ் உரையாடலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழும் தமிழ்தான் என்பதை மறக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பதானால், மொழிபெயர்ப்பாளர்களுக்கு அங்கீகாரம் தரும் நாட்டி (NAATI) அமைப்பின் அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுக்க வேண்டும். ஊரில் செய்வதானால் மொழிபெயர்ப்பாளர் தம் பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி ஆகியவற்றை ஆங்கிலத்தில் குறிப்பிட்டிருக்க வேண்டும். கட்டணம் கூடிக்கொண்டே போகும் என்பதால், குறைவாகத் தேர்ந்தெடுக்க இது இன்னொரு காரணம்.

படி 8: இருவரும் தனித்தனியாக எழுதுங்கள்

கோப்பின் முதுகெலும்பு இந்த வாக்குமூலம். எப்படி, எங்கே, எப்போது முதலில் சந்தித்தீர்கள், உறவு எப்படி வளர்ந்தது, எப்போது நிச்சயமானது, சேர்ந்து என்னென்ன செய்கிறீர்கள், எந்தக் காலங்களில் பிரிந்திருந்தீர்கள், எதிர்காலத் திட்டம் என்ன என்பவற்றை எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பெயரை மாற்றிப் போட்டு அனுப்பும் வழக்கம் ஒன்று இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். தேதிகள் ஒத்துப்போகட்டும், சொற்கள் அவரவருடையதாக இருக்கட்டும்.

அழகாக எழுதவும் முயல வேண்டாம். ‘அவர் மிகவும் அன்பானவர்’ என்ற வாக்கியம் எந்தக் கணவருக்கும் பொருந்தும். அவர் இரவுப் பணி முடிந்து எத்தனை மணிக்கு அழைப்பார், நீங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருப்பீர்கள், எதைப் பற்றிச் சண்டை வரும் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் அதிகாரி தொலைபேசியில் அழைத்துக் கேட்டாலும் இப்படி எழுதியவருக்குப் பயம் இருக்காது.

படி 9: சாட்சிகள்

உங்கள் இருவரையும் அறிந்த, 18 வயது நிறைந்த இருவரிடமிருந்தாவது, உங்கள் உறவைப் பற்றிச் சாட்சி எழுதித் தரும் படிவம் 888 வாங்குங்கள். எழுதுபவர் ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். தகுதியுள்ள நியூசிலாந்துக் குடிமக்களும் எழுதலாம். பதவியில் பெரியவரைத் தேடாதீர்கள். திருமணத்துக்கு ஊருக்கு வந்திருந்த நண்பர், உங்கள் காணொளி அழைப்பில் குறுக்கே வந்து பேசும் அறைத்தோழர் போன்றவர்களே சரியானவர்கள். ஊரில் உள்ள பெற்றோரும் உறவினரும் இந்தப் படிவத்தை நிரப்ப முடியாவிட்டாலும் கடிதமாக எழுதித் தரலாம்.

படி 10: அடுக்குதல்

இணையத்தில், ஆஸ்திரேலிய அரசின் விசா விண்ணப்பத் தளமான இம்மிஅக்கவுண்ட் (ImmiAccount) வழியாகத்தான் பதிவேற்ற வேண்டும். கோப்புகளின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அதனால் தனித்தனிப் படங்களாக ஏற்றாமல், ஒரே வகைச் சான்றுகளைத் தேதி வரிசையில் ஒரு பிடிஎஃப் ஆக்குங்கள். கோப்பின் பெயரைப் பார்த்தாலே உள்ளே என்ன, எந்தக் காலம் என்று தெரிய வேண்டும்.

தேதியைத் திருத்திய ரசீது, யாரோ தயாரித்துத் தந்த வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். போலி ஆவணம் அல்லது தவறான தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் 4020 என்ற விதியின் கீழ் விசா மறுக்கப்படுவதோடு, மூன்று ஆண்டுகளுக்கு வேறு பல விசாக்களும் கிடைக்காமல் போகலாம். முந்தைய மணமுறிவு, முந்தைய விசா மறுப்பு, ஸ்பான்சரின் (விசாவுக்கு ஆதரவளிக்கும் துணைவரின்) குற்றப் பின்னணி போன்ற சிக்கல் இருந்தால் மட்டும் பதிவு பெற்ற குடிவரவு முகவரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். அவருடைய பதிவு எண்ணை அரசின் பட்டியலில் சரிபார்த்த பிறகு கொடுங்கள்.

விண்ணப்பித்த பிறகு

சேகரிப்பதை நிறுத்திவிடாதீர்கள். பொதுவாக விண்ணப்பித்து இரண்டு ஆண்டுகள் கழித்தே நிரந்தர விசாவைப் பரிசீலிப்பார்கள். அப்போது உறவு இன்னும் தொடர்கிறதா என்று புதிய சான்றுகள் கேட்பார்கள். மூன்று ஆண்டுகளோ, குழந்தையுடன் இரண்டு ஆண்டுகளோ ஆன பழைய உறவுக்கு இரண்டு விசாவும் அடுத்தடுத்தே கிடைக்க வாய்ப்புண்டு. மற்றவர்கள் கோப்புறைகளில் மாதம் ஒருமுறை சில தாள்களைச் சேர்த்துவந்தால் கடைசி நேர ஓட்டம் இருக்காது.

விசாவில் போகிறவர், பெரும்பாலும் மனைவி, எல்லா ஆவணங்களின் பிரதியையும் தம் சொந்த மின்னஞ்சலில் வைத்திருக்க வேண்டும். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தற்காலிக விசாவோடு ஆஸ்திரேலியாவில் இருக்கையில் குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால், நிரந்தர விசாவுக்கான வழி தானாக அடைபட்டுவிடுவதில்லை. அதற்கென்று சட்டத்தில் தனி ஏற்பாடு இருக்கிறது. ‘நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்’ என்று எவரும் மிரட்டினால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதை விசாவில் போகிறவர் விமானம் ஏறும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.